மஞ்சள் மண் ஏறிய வண்டி



அணுவைப் பற்றிப் பேச வேண்டுமென்று மன்றத்தார் அழைத்திருந்தார்கள். அணு என்றதும் வெடிகுண்டு, ஹிரோஷிமா, நாகசாகி, வானை முட்டும் காளான் புகை, இவற்றைத்தான் கேட்கப் போகிறோம் என்று எண்ணி வந்திருந்தனர் பலர். நான் பேசியதோ ஒரு லாரியைப் பற்றி! மண் ஏற்றிச் செல்லும் லாரி! "இதற்கா இத்தனை விளம்பரம்?" என்று முன் வரிசையிலிருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது என் கண்ணுக்குத் தப்பவில்லை. அன்று கூறியதையே, அங்கு வர இயலாத உங்களுக்காக ஏட்டில் எழுதித் தருகிறேன்.

குண்டுக்குக் காவல் உண்டு. கோட்டை உண்டு, கொத்தளம் உண்டு, தொட வந்தவனைச் சுடத் துப்பாக்கி உண்டு. அந்தக் குண்டுக்கும், அணு உலைக்கும், முதற்பொருளான யுரேனியத் தாது இருக்கிறதே, அது சுரங்கத்திலிருந்து ஆலைக்குப் போகும் வழியில் அதற்கு என்ன காவல்? ஓட்டுநர் ஒருவர். மேலே போர்த்திய விரிப்பு ஒன்று. பக்கத்தில் மஞ்சள் அட்டை ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் ஏறும் பேருந்து போகும் அதே சாலை. ஆட்டு மந்தை கடக்கும் அதே சாலை. நிறைமாதக் கருவுற்றவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் அதே சாலை. உலை வெடித்தால் உலகம் திரும்பிப் பார்க்கும். லாரி கவிழ்ந்தால் யார் பார்ப்பார்கள்? யார் முதலில் வருவார்கள்? வருபவருக்கு என்ன தெரியும்? இதுதான் கேள்வி.

எங்கோ நடக்கப் போவதைக் கற்பனை செய்து மிரட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஊரும் உண்டு, பேரும் உண்டு, நாளும் உண்டு.

அமெரிக்காவிலே அரிசோனா என்றொரு மாநிலம். அங்கே கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு. உலகமே சென்று கண்டு வியக்கும் இடம். அதன் தென் விளிம்பிலிருந்து சில கல் தொலைவில், கைபாப் தேசியக் காட்டுக்குள், பின்யன் பிளெய்ன் என்னும் யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. 'எனர்ஜி ஃபியூயல்ஸ்' என்னும் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2023 ஆகஸ்டில் அன்றைய ஜனாதிபதி பைடன் அந்த வட்டாரத்தைத் தேசிய நினைவுச் சின்னப் பகுதியாக அறிவித்து, புதிய சுரங்க உரிமைகளுக்குத் தடை போட்டார். ஆனால் ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த இந்தச் சுரங்கம் தடைக்குள் அகப்படவில்லை. அறிவிப்பு வந்த ஆண்டு முடியுமுன்னரே தாது வெட்டும் வேலை தொடங்கிவிட்டது! நாடகத்தில்கூட இவ்வளவு விரைவாகக் காட்சி மாறாது.

வெட்டிய தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுக்க ஆலை வேண்டும். அந்த ஆலை யூட்டா மாநிலத்தில், பிளாண்டிங் ஊரருகே, ஒயிட் மேசா என்னுமிடத்தில் இருக்கிறது. இடையே ஏறத்தாழ 300 மைல். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையின் பெரும்பகுதி நவஹோ மக்களின் மண்ணைக் கடந்து செல்கிறது.

யார் இந்த நவஹோ மக்கள்? தங்களைத் தங்கள் மொழியில் 'டினே' என்று அழைத்துக்கொள்பவர்கள். 'மக்கள்' என்பது அதன் பொருள். அமெரிக்காவின் பழங்குடிகளிலேயே மிகப் பெரிய நிலப்பரப்பு உடையவர்கள். 27,000 சதுர மைல். நம் தமிழ்நாட்டின் பரப்பிலே பாதிக்கும் மேல்! அந்த மண்ணில் வாழ்வோரோ ஒன்றே முக்கால் இலட்சத்துக்கும் குறைவு. தனக்கென ஒரு தலைவர், ஒரு மன்றம், ஒரு காவல் துறை, எல்லாம் உண்டு. ஆனால் அதன் குறுக்கே ஓடும் பெரிய நெடுஞ்சாலைகளில் எது போகலாம், எது போகக்கூடாது என்பதை முடிவு செய்வது யார் என்று கேட்டால், வாஷிங்டனை நோக்கி விரல் நீட்டுகிறார்கள். வீடு நம்முடையது, வாசற்படி நம்முடையது, கதவைத் திறக்கவும் மூடவும் மட்டும் வேறொருவர்! இந்த நிலை எப்படியிருக்கும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2024 ஜூலை 30. லாரிகள் புறப்பட்டன.

முன்கூட்டித் தகவல் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்றது நவஹோ அரசு. சட்டப்படி செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டோம் என்றது நிறுவனம். நவஹோ தலைவர் பூ நைகிரென் காவல் துறையை அனுப்பினார், வண்டிகளை நிறுத்துங்கள் என்று. காவலர் விரைந்தனர். ஆனால் வண்டிகளோ எல்லையைக் கடந்து போய்விட்டிருந்தன! அரிசோனா ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் இடையில் புகுந்து பேச, போக்குவரத்து நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்த இடத்தில் சற்று நிற்போம். ஒரு நாட்டின் தலைவருக்கே, தம் மண்ணில் ஓடும் தாது லாரி போன பிறகுதான் விவரம் எட்டியது என்றால், சாலையோரத்து ஊரிலே தீயணைப்பு நிலையத்தில் இருப்பவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அன்று ஒரு வண்டி கவிழ்ந்திருந்தால்? கவிழவில்லை, நல்ல வேளை. ஆனால் நல்ல வேளையை நம்பி வண்டி ஓட்டுவதற்குப் பெயர் திட்டமா?

இனி, அந்த வண்டியில் இருப்பது என்ன என்று பார்ப்போம். விஞ்ஞானம் பேச நான் தகுதியுடையவனா என்று கேட்கலாம். கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான் நான். ஆயினும், அரைப்படிப்புக்காரனுக்கு 'அரை ஆயுள்' கணக்கு எளிதில் விளங்கிவிடுகிறது!

யுரேனியத் தாது பார்வைக்கு வெறும் கல்லும் மண்ணும். நூறு பங்கு கல்லில் ஒரு பங்கு யுரேனியம் இருந்தால் அதுவே வளமான தாது. பல சுரங்கங்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. அது வெடிக்காது. தீப்பற்றாது. பக்கத்தில் சிறிது நேரம் நின்றவன் சுருண்டு விழமாட்டான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் எதிர்ப்பவர் சிலர் தாது லாரியை ஓடும் அணுகுண்டு என்கிறார்கள். அது பொய். பொய்யைச் சொல்லி மெய்யைக் காக்க முடியாது. விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு, பெட்ரோல் ஏற்றிய டாங்கர் லாரிதான் இதைவிட எத்தனையோ மடங்கு அபாயம்.

பிறகென்ன கவலை என்கிறீர்களா? பெட்ரோல் எரிந்து தீர்ந்துவிடும். இது தீராது. யுரேனியம் தனியே இருப்பதில்லை. சிதைந்து சிதைந்து தோரியமாகி, ரேடியமாகி, ரேடான் என்னும் வாயுவாகி, முடிவில் ஈயமாக அடங்குகிறது. இப்படிப் பிறப்பவற்றை விஞ்ஞானிகளே 'மகள்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு ஆகும். மாமல்லபுரத்துப் பாறையில் முதல் உளி பட்ட நாளிலிருந்து இன்றுவரை எண்ணினாலும் அந்த 1,600 ஆண்டு நிரம்பாது! அதிலும், கொட்டிய தாதுவில் தாயான யுரேனியம் இருக்கும்வரை மகள் பிறந்துகொண்டே இருப்பாள். தாயின் அரை ஆயுளோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. ஆகவே கொட்டியதை அள்ளாமல் விட்டால், காலம் வந்து அள்ளிப் போகும் என்று காத்திருக்க முடியாது. கல்லாக இருக்கையில் தீங்கு குறைவு. பொடியாகிக் காற்றில் ஏறி மூச்சில் புகுந்தால், மழையில் கரைந்து ஓடையில் சேர்ந்து, ஆட்டின் வயிற்றிலும் மனிதனின் வயிற்றிலும் புகுந்தால், அப்போதுதான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். நுரையீரலை வாட்டும், சிறுநீரகத்தைச் சிதைக்கும்.

நமக்கு மஞ்சள் என்றால் மங்கலம். நவஹோ மொழியில் யுரேனியத்துக்கு 'லேட்ஸோ' என்று பெயர். மஞ்சள் மண் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டால் அங்கே மூதாட்டிகளின் முகம் வாடுகிறது. காரணம் இருக்கிறது.

1944 முதல் 1986 வரை நவஹோ மண்ணிலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் தாதுவை வெட்டி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் சுரங்கங்களை அப்படியே விட்டுப் போனார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500-க்கும் மேல் இன்றும் கிடக்கின்றன. சுரங்கத்தில் இறங்கியவர்களிடம் ஆபத்தைச் சொன்னார்களா? 1950-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அந்தத் தொழிலாளரை ஆராயத் தொடங்கியது. இரத்தம் எடுத்தார்கள், மூச்சை அளந்தார்கள், ஏட்டில் குறித்தார்கள். ஆனால் எதற்காக என்பதை அந்த மனிதரிடம் சொல்லவில்லை! இரண்டாம் உலகப் போரிலே, பகைவனால் உடைக்க முடியாத இரகசியச் செய்திகளை அனுப்புவதற்கு அமெரிக்கப் படைக்குக் கைகொடுத்தது இந்த நவஹோ மொழிதான். போரில் நாட்டைக் காக்க அந்த மொழி வேண்டியிருந்தது. அந்த மொழி பேசியவனிடம் "உன் நெஞ்சுக்குள் நஞ்சு போகிறது" என்று சொல்ல மட்டும் அந்த மொழி எவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பின்னர் 1979. அந்த ஆண்டு மார்ச் மாதம் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் நேர்ந்த விபத்தை உலகம் அறியும். அதே ஆண்டு ஜூலை 16 விடியற்காலையில், நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் என்னுமிடத்தில் யுரேனிய ஆலையின் கழிவுக் குளத்துக் கரை உடைந்ததே, அதை எத்தனை பேர் அறிவர்? 1,100 டன் கழிவு மண்ணும், 9 கோடியே 40 இலட்சம் கேலன் அமிலக் கழிவு நீரும் பியூர்க்கோ ஆற்றில் பாய்ந்தன. அந்த ஆற்று நீரில் ஆடு மேய்த்தவர்கள் நவஹோ மக்கள். ஆற்றில் இறங்காதீர்கள் என்ற எச்சரிக்கை பலருக்குச் சில நாள் கழித்தே எட்டியது. உலைக்கு ஒரு நீதி, ஓடைக்கு ஒரு நீதி!

இந்த வரலாற்றுக்குப் பிறகு 2005-இல் நவஹோ மன்றம் தன் மண்ணில் யுரேனியம் வெட்டுவதையே தடை செய்தது. கதிரியக்கப் பொருள்களின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த 2012-இல் மற்றொரு சட்டம் இயற்றியது. வெட்டத் தடை போட்டாயிற்று. வேறிடத்தில் வெட்டியதை வீட்டு வாசல் வழியே கொண்டு போனால்? கேமரன், டியூபா நகரம், கயென்டா என்று ஊர் ஊராகச் செல்லும் அந்த வழியில், டியூபா நகரத்துக்கு அருகே நெடுஞ்சாலையோரத்திலேயே, 1956 முதல் 1966 வரை இயங்கிய பழைய யுரேனிய ஆலையின் கழிவு மேடு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடந்துதான் புதிய லாரி போகிறது.

லாரி ஓட்டியவருக்கு ஒன்றும் நேராது என்று சொல்வோர்க்கு அந்த நாட்டுச் சட்டமே பதில் சொல்கிறது. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்க 1990-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. யுரேனியத் தொழிலில் உழைத்தவர்களுள் முதலில் சுரங்கத் தொழிலாளிக்கு மட்டும் இடம். 2000-இல் அதைத் திருத்தியபோது இரு கூட்டத்தாரைச் சேர்த்தார்கள்: ஆலையில் தாது அரைத்தவர், லாரியில் தாது ஏற்றிச் சென்றவர். நோயுற்றதை மெய்ப்பித்தால் ஒரு இலட்சம் டாலர். ஏற்றிச் சென்றவனும் நோயுற்றான் என்று அரசாங்கமே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டது! அன்றைய லாரிக்கு ஒழுங்கான மூடி இல்லை, அளவைக் கருவி இல்லை. ஆண்டுக்கணக்கில் தூசியில் உழன்றவர்கள் அவர்கள். இன்றைய வண்டியை அதனோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் 2024 ஜூனில் காலாவதியாயிற்று. லாரிகள் புறப்பட்டதோ அடுத்த மாதம்! 2025 ஜூலையில் சட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 1990 முடிய வேலை செய்தவர் வரையில் இடம் தந்தார்கள். இன்று ஓட்டுகிறவருக்கு அதில் இடமில்லை.

சரி, திட்டம் என்றால் என்ன? நிறுவனத்திடம் கேட்டால் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டும். நான் நாடகக்காரன், காகிதத்தில் இருப்பது நாடகமல்ல என்பதை நன்கறிவேன். ஒத்திகை பார்க்காத நாடகம் மேடையேறினால், ராஜா வர வேண்டிய நேரத்தில் சேவகன் வருவான். சேவகன் வர வேண்டிய நேரத்தில் திரை விழும். ஒரு சிற்றூர்க் கொட்டகையில் நாங்கள் நாடகம் போட்டோம். தீ விபத்துக்கென்று சிவப்புச் சாயம் பூசிய வாளிகள் வரிசையாகத் தொங்கின. சட்டம் கேட்ட எண்ணிக்கைக்கு ஒன்றும் குறையவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒன்றில் வெற்றிலை எச்சில், இன்னொன்றில் வேர்க்கடலைத் தோல். மணல் மட்டும் எதிலும் இல்லை! திட்டம் இருந்தது தோழரே, மணல்தான் இல்லை.

1977 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு ஊரருகே நடந்ததைக் கேளுங்கள். லாரி ஒன்று, ஆலையில் பிரித்தெடுத்த யுரேனியத் தூளை எஃகுப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு போயிற்று. மஞ்சள் நிறமானது அந்தத் தூள். தாதுவைவிடப் பன்மடங்கு செறிவுடையது. இரவில் சாலையைக் கடந்த குதிரைகள் மீது மோதி லாரி கவிழ்ந்தது. பீப்பாய்கள் பல திறந்துகொண்டன. பல்லாயிரம் பவுண்டு தூள் தரையில்! பகைவன் சதி செய்யவில்லை, பூகம்பம் வரவில்லை, குதிரைகள் குறுக்கே வந்தன, அவ்வளவுதான். எந்தத் திட்டத்தில் குதிரை இருந்திருக்கும்? அந்த விபத்துக்குப் பின்னரே, பீப்பாய் போதுமா, விபத்து நேர்ந்தால் யார் என்ன செய்வது என்று அரசுத் துறைகள் அமர்ந்து ஆராய்ந்தன. நவஹோ மண்ணிலும் குதிரைகள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. ஆடு மாடுகளும் அப்படியே.

கவிழ வேண்டும் என்பதுகூட இல்லை. 2015-இலும் 2016-இலும், வயோமிங் மாநிலத்து யுரேனியச் சுரங்கத்திலிருந்து இதே ஒயிட் மேசா ஆலைக்கு வந்த கழிவுச் சேற்றுச் சுமை வழியிலேயே கசிந்திருந்தது. எப்போது தெரிந்தது? ஆலை வாசலுக்கு வந்த பிறகு! இடையில் எத்தனை ஊர், எத்தனை பாலம், எத்தனை உணவு விடுதி வாசல்!

அமெரிக்காவிலும் கனடாவிலும் காவலரும் தீயணைப்போரும் வண்டியிலேயே வைத்திருக்கும் ஒரு கைந்நூல் உண்டு. லாரியின் பக்கத்து அட்டையில் நான்கு இலக்க எண் இருக்கும், தாதுவுக்கு 2912. அந்த எண்ணை நூலில் தேடினால் 162-ஆம் வழிகாட்டியைப் பார் என்று இருக்கும். அங்கே போனால், சிந்திய இடத்தைச் சுற்றிக் குறைந்தது 25 மீட்டர் வரை ஆளை விலக்கு என்றிருக்கும். மற்றொன்றும் இருக்கும், அதுதான் எனக்குப் பிடித்தது: அடிபட்டவன் உயிரைக் காப்பதும், முதலுதவியும், தீயை அணைப்பதும் முதல் வேலை, கதிர்வீச்சை அளப்பது அதற்குப் பின்னர்தான். எவ்வளவு மனிதத்தன்மையுள்ள விதி! கதிரியக்கம் என்ற எழுத்தைக் கண்டு அஞ்சி, ஓட்டுநரை இரத்தத்தில் கிடக்கவிட்டு விலகி நிற்காதே என்பது அதன் பொருள். ஆனால் இந்த விதியை அந்தச் சாலையோரத்துக் காவலர் விபத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டுமே! அடுத்த காவல் நிலையம் எத்தனையோ மைலுக்கு அப்பால். கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத பள்ளங்கள் பல. முதலில் வருபவர் பெரும்பாலும் ஆடு மேய்ப்பவராகவோ, பேருந்து ஓட்டுநராகவோதான் இருப்பார். அவருக்கு எந்த மொழியில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

அதனால்தான் சொல்கிறேன், திட்டம் சுரங்க வாசலில் தொடங்கவேண்டும். சக்கரத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவி, வண்டியின் வெளிப்புறத்தை அளந்து, அதன் பிறகே வெளியே விட வேண்டும். மேலே போர்த்துவது காற்றில் படபடக்கும் கித்தானாக இருந்தால் போதாது. விளிம்போடு இறுக மூடும் மூடி வேண்டும். ஓட்டுநருக்கு உறக்கம் வேண்டும்; இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, விபத்தில் பாதி அதனால்தான் என்று எந்த லாரிக்காரரும் சொல்வார். எந்நேரம் எந்த ஊரைக் கடக்கிறது என்று அந்த ஊருக்குத் தெரிய வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பாலைவனத்தில் திடீர் மழை கொட்டும். வறண்ட ஓடை சிறிது நேரத்தில் காட்டாறாகும். அந்த நேரத்தில் ஓடைப் பாலத்தருகே இருபது டன்னுக்கு மேல் தாது கொட்டினால், துப்புரவு செய்ய வருவோர் தொலைநகரத்திலிருந்து புறப்படுமுன்னர் மழை அதை வாரிக்கொண்டு போயிருக்கும். கிணற்றையும் ஊற்றையும் நம்பி வாழும் மக்கள் அவர்கள். நவஹோ வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு இன்னும் குழாய்த் தண்ணீர் இல்லை. ஆகவே தூசி பறக்காமல் நனைக்க நீரும், மூடத் தாளும், அள்ளக் கருவியும், அளக்கத் தெரிந்த ஆளும் வழியிலேயே சில இடங்களில் தயாராக நிற்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். முதல் லாரி புறப்படுமுன், சாலையை அளக்க வேண்டும்! ஊருக்கு ஊர், பாலத்துக்குப் பாலம், இன்று மண்ணில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளந்து, ஒரு படி நிறுவனத்திடமும் ஒரு படி ஊராரிடமும் இருக்க வேண்டும். ஏன்? நாற்பது ஆண்டு சுரங்கம் வெட்டிய மண் அது. பழைய நஞ்சு எங்கும் கிடக்கிறது. நாளை சாலையோரத்தில் அளவு கூடுதலாகத் தெரிந்தால், "இது எங்கள் லாரியில் விழுந்ததல்ல, உன் பாட்டன் காலத்து மண்" என்பார்கள். மறுக்க ஊராரிடம் என்ன இருக்கும்? கணக்குப் பார்க்காமல் கடைச் சாவியை வாங்கிக்கொண்டவன் கதைதான்.

பேச்சு வார்த்தை ஆறு மாதம் நடந்தது. 2025 ஜனவரி 29-இல் நவஹோ அரசும் நிறுவனமும் உடன்பாடு கண்டன. குறித்த வழியில் மட்டும் ஓட வேண்டும்; குறித்த நேரத்தில் மட்டும் ஓட வேண்டும்; திருவிழா நாள்களில் ஓடக்கூடாது; தூசி வெளியேறாதபடி சிறப்பு மூடி வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். மற்றொன்று, நான் கேட்டு வியந்தது: நவஹோ மண்ணில் கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து 10,000 டன் வரை யுரேனியக் கழிவை நிறுவனம் தன் செலவிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும்! அடுத்த மாதமே லாரிகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

வெற்றியா, தோல்வியா? நவஹோ இளைஞர் சிலரும், கேன்யனுக்குள் தொன்றுதொட்டு வாழும் ஹவாசுபாய் மக்களும், ஆலையருகே ஒயிட் மேசா சிற்றூரில் வாழும் யூட் மக்களும் இதை வெற்றி என்று கூறவில்லை. பத்தாயிரம் டன்னை அள்ளுவதற்காக எத்தனை ஆயிரம் டன்னை வாசல் வழியே விடுவது என்று கேட்கிறார்கள். அள்ளியதும் மற்றொரு குடியின் கொல்லைக்குத்தானே போகிறது என்று யூட் மக்கள் கேட்பதற்கு எளிதில் பதில் கிடையாது. தாதுவில் உள்ள கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு, யுரேனியத்தைப் பிரித்த பின்னும் கழிவில்தான் தங்குகிறது. அந்தக் கழிவு ஆலையருகேதான் கிடக்கும். ஆனாலும் என் கணக்கு இது: 2024 ஜூலையில் ஊருக்குச் சொல்லாமலே ஓடிய வண்டி, 2025 பிப்ரவரியில் ஊர் சொன்ன நேரத்தில் ஓடியது. சட்டம் தராததைத் தடுத்து நின்ற உறுதி பெற்றுத் தந்தது. மைய அரசின் சட்டப் புத்தகத்தில், திருவிழா நாளில் தாது லாரி ஓடக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை!

நம் நாட்டிலும் யுரேனியம் உண்டு. ஜார்க்கண்டில், ஜாம்ஷெட்பூருக்கு அருகே ஜாதுகுடா. 1967-இல் தொடங்கப்பட்ட மைய அரசின் யுரேனிய நிறுவனத்தின் சுரங்கங்கள் அந்த வட்டாரத்தில் பல. பாக்ஜாட்டா சுரங்கத்துத் தாது ஜாதுகுடா ஆலைக்கு லாரியில்தான் வந்தது. சுற்றிலும் சந்தால், ஹோ மக்களின் சிற்றூர்கள். பிரித்தெடுத்த மஞ்சள் பொருள் ஐதராபாத்துக்குப் பயணம் போகிறது. 2006 டிசம்பரில் அங்கே ஆலைக் கழிவைக் கொண்டு செல்லும் குழாய் வெடித்து ஓடையில் கலந்தது. விதிகள் நம்மிடமும் இருக்கின்றன. அபாயப் பொருள் ஏற்றும் வண்டியின் ஓட்டுநர், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பொருளின் பெயர், எண், அபாயக் குறி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண், எல்லாம் வண்டியின் மேல் எழுதியிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. சந்தாலி எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. ஹோ மொழி அதில் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நெடுஞ்சாலையில் அடுத்த முறை போகும்போது, முன்னே செல்லும் டாங்கர் லாரியின் பின்பக்கத்துப் பலகையைப் படியுங்கள். 1203 என்றிருந்தால் பெட்ரோல். 1075 என்றிருந்தால் சமையல் வாயு. 2912-ஐ நம் ஊர்ச் சாலையில் நீங்கள் காணாமலே போகலாம். பலகை அழுக்கேறி எண் தெரியவில்லை என்றால், வண்டி நிற்குமிடத்தில் ஓட்டுநரிடம், "அண்ணே, இதைக் கொஞ்சம் துடைத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். விபத்தைக் கண்டால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக எட்ட நின்று, 112-ஐ அழைத்து, முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.